ரோட்டில் நின்று எடுத்த பூனைப்பருந்து

அந்த லென்ஸ் கடைக்காரரை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட அதிகமாக எரிகிறது.

நான் கோவில்பட்டியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்டூடியோவில் தொழில் பழகியவன். கேமராவில் எதை எப்போது திருக வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் வாய்க்குத் தெரியாது.

கழுகுமலை போகிற வழியில் ஒரு கரிசல் தரிசு கிடக்கிறது. மழை ஓய்ந்ததும் பூனைப்பருந்துகள் எங்கிருந்தோ வந்து, மரத்தில் அடையாமல் அந்தத் தரையிலேயே அடையும். அங்கே சோலார் பலகை நடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எதற்கும் கவலைப்படுகிறவன். ஆனால் இந்தக் கவலைக்கு அர்த்தம் இருந்தது. வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நல்ல மாதிரிதான். "வாயால சொன்னா ஃபைல்ல ஏறாது. என்ன பறவைன்னு தெரியுத மாதிரி படம் கொண்டாங்க. நிலத்த அளக்க வரதுக்கு முன்னால கொண்டாங்க" என்றார்.

என் கல்யாண லென்ஸ் மணமேடையைத் தாண்டி எட்டாது. திருநெல்வேலிக்குப் போய், நூற்றைம்பது மில்லிமீட்டரிலிருந்து அறுநூறு வரை இழுக்கிற ஜூம் லென்ஸ் ஒன்றைப் பொறுக்கினேன். அதோடு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அறுநூறு பத்தாவிட்டால்? பறவை இன்னும் தள்ளி உட்கார்ந்தால்? "இது போதுமா அண்ணாச்சி?" என்று நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவையில் கடைக்காரர் என் பயத்தைப் பிடித்துக்கொண்டார். டெலிகன்வர்ட்டரை எடுத்து முன்னால் வைத்தார். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற கட்டைக் குழாய். தூரத்தில் இருப்பதை இன்னும் இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும்.

"இதப் போட்டா ஆயிரத்து எரநூறு ஆயிரும். நீங்க காட்டுல எறங்கவே வேண்டாம். ரோட்டுல நின்னு டீ குடிச்சுக்கிட்டே எடுக்கலாம்."

"ஒண்ணும் கொறையாதுல்லா?"

"ரெண்டு ஸ்டாப் லைட்டு போகும். அது ஒங்களுக்குத் தெரியாததா!"

தெரியாதது என்று சொல்ல வாய் வரவில்லை. படிக்காதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று தலையை ஆட்டினேன். வெளிச்சத்தில் முக்கால் பங்கு அப்படிப் போனால் என் கேமரா தானாக ஃபோகஸ் பிடிக்காது என்பதை அவர் சொல்லவில்லை. அது களவாணித்தனம். நான் கேட்காதது கோழைத்தனம்.

தினமும் காலையில் ரோட்டில் ஸ்டாண்டை விரித்தேன். லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் உறுமியது. ஓரிடத்தில் நிற்கவில்லை. கையால் திருகினால் பறவை அதற்குள் போய்விடும். பத்து மணிக்கெல்லாம் கரிசலிலிருந்து கானல் கிளம்பியது. கன்வர்ட்டர் அந்தக் கானலையும் சேர்த்து இரண்டு மடங்காக்கிக் காட்டியது. பருந்து தண்ணீருக்குள் கிடக்கிற துணி மாதிரி நெளிந்தது.

அங்கே ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். ஐந்தாம் நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பீரங்கிய வச்சுக்கிட்டு யாரச் சுடப் போறிய?"

"பருந்தப் படம் எடுக்கேன்க்கா."

"ரோட்டுல நின்னா அது வந்து மூஞ்சியக் காட்டுமாக்கும்? சாயங்காலம் எங்க ஆட்டுக்குப் பொறத்தால வாங்க. ஆடு மிதிச்சா வெட்டுக்கிளி கெளம்பும். அதத் திங்க அது தலைக்கு மேலதான் சுத்தும்."

"வெடிப்புக்குள்ள பாம்பு கெடக்குமே?"

"எனக்கு மட்டும் பாம்பு சொந்தக்காரனா?" என்று சிரித்தாள்.

நான் இறங்கவில்லை. பாம்பு மட்டுமல்ல, நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் நீ யாரென்று கேட்டு விரட்டுவாரோ என்றும் பயம். இருந்த படத்தில் கொஞ்சம் தேறினதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது பறவையா, காத்துல பறக்குத பாலித்தீன் பையா?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வைத்தே கன்வர்ட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அன்று சாயங்காலமே ஜூமை மட்டும் மாட்டிக்கொண்டு ஆடுகளுக்குப் பின்னால் நடந்தேன். வெயில் தாழ்ந்து கானல் அடங்கியிருந்தது. அக்கா சொன்னபடியே பருந்து தாழ்வாகச் சுற்றியது, கொஞ்ச நேரத்தில் இறங்கியும் உட்கார்ந்தது. ஜூமை முழுதாக இழுக்கக்கூட இல்லை, லென்ஸ் சட்டென்று பிடித்துக்கொண்டது. மஞ்சள் கண், சாம்பல் முதுகு, நகம், எல்லாம் தெளிவு. அது உட்கார்ந்திருந்தது வெள்ளையடித்த புதுக் கல்லின்மேல்.

"காலையிலதான் நிலத்த அளந்து நட்டுட்டுப் போனாவ" என்றாள் அக்கா.

மறுநாள் அலுவலகம் திறக்குமுன் போய் நின்றேன். போனில் ஏற்றியிருந்த படத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன்.

"நல்லா விழுந்திருக்கு. ஆனா கல்லு நட்டாச்சே. இந்தப் படத்தோட ரெண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

"அந்தக் கல்லு மேலதானம்மா அது உக்காந்திருக்கு! கண்ணு தெரியுதா இல்லையா?" என்று கத்திவிட்டேன். ஊரில் யாரிடமும் நான் அப்படிக் கத்தியதில்லை.

அவர் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பருந்து மேலே நகர்ந்து திரையை விட்டுப் போனது. "எந்த எடம்னு ஃபைல்ல ஏத்தணும்லா" என்று, கல்லில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.