வயர் பிடிக்கிறவன்

எங்கள் வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே பொறுப்பு பரணில் ஏறிச் சாமான் இறக்குவது. மற்ற எதிலும் நான் தேறாத கேஸ். செல்போனில் ஏதாவது மக்கர் செய்தால் எட்டாவது படிக்கும் மகள் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். டிவி ரிமோட்டில் தப்பான பட்டனை அழுத்திவிட்டால் நாலாவது படிக்கும் மகன் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்து அதை வாங்கி, சரிசெய்துவிட்டுப் போய்விடுவான். அவன் அப்படிப் பேசாமல் இருப்பதுதான் வலிக்கும். இரண்டு திட்டு திட்டினாலாவது நம்மை ஒரு ஆளாக மதித்தான் என்றிருக்கும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஆபீசில் என்னையும் நாலு பேர் சார் என்று கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அதனால் இந்தக் கோடை விடுமுறையில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரே ஒரு நாள். நான் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்கள் வாயைப் பிளந்து கேட்க வேண்டும். உலகத்தில் எனக்குத் தெரிந்து இவர்களுக்குத் தெரியாத விஷயம் என்ன இருக்கிறது என்று ராயபுரம் பாலத்தில் டிராஃபிக்கில் நின்றபடி யோசித்தேன். ஒன்றுதான் தேறியது. வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கிடந்த வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன்.

அந்தப் பெட்டி நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது வந்தது. என் நைனா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். பாரிமுனைக் கடைத்தெருவில் பெட்டியை வாங்கிவந்தார். அதில் போடுகிற கேசட்டை மட்டும் ஜப்பான் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சிப்பந்தி அவருக்குச் சும்மா கொடுத்திருந்தான். திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. எங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கேம் ஆடுகிறவன் எதற்குப் படிக்க வேண்டும்?

கேம் இதுதான். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு குள்ளமான மீன்காரர். முதுகில் கூடை. வழியெல்லாம் மீன் கிடக்கும், பொறுக்கிக்கொண்டே போக வேண்டும். எதிரே பூனைகள் வரும். ஒரு பட்டன் குதிப்பதற்கு, ஒரு பட்டன் உதைப்பதற்கு. இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டால் கூடையிலிருந்து ஒரு மீன் கீழே விழுந்துவிடும். அப்படி விட்டவனை அன்றைக்கு முழுக்க ஓட்டுவோம். பூனையை உதைத்தால் அது கத்திக்கொண்டு உருளும், கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு வரும். பூனைகள் அப்படித்தான் என்பதை எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவள். டிவி பக்கம் திரும்பியே பார்க்காதவள், இந்த கேம் ஓடினால் மட்டும் கதவோரம் வந்து நிற்பாள்.

"ஒதைடா அத! நல்லா ஒதை. நேத்து இப்டித்தான் ஒண்ணு வஞ்சிரத்த கவ்வினு போச்சு, கஸ்மாலம்."

வழியின் முடிவில் ஒரு பாலம். பாலத்துக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு தடித்த பூனை படுத்திருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வஸ்தாது. வஸ்தாதை உதைத்தால் ஒரே அறை, மீன்காரர் காலி. அதைத் தாண்டியவன் ஒருத்தனும் கிடையாது. ஆகவே கேமே அங்கேதான் முடிகிறது என்று தீர்மானமாயிற்று. பாலத்துக்கு வந்து சேரும்போது யாருடைய கூடையில் மீன் அதிகமோ அவன் ஜெயித்தான். கூடை நிரம்பி வழிய வழிய அங்கே போய்ச் செத்தவன் தெருவிலேயே நான்தான். செத்ததும் ஒரு படம் வரும். மீன்காரர் தரையில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் பூனைகள், கீழே ஒரு வரி எழுத்து. 'ஜெயிச்சவனுக்கு வாழ்த்துக்கள்' என்று அதற்கு அர்த்தம் என எவனோ சொன்னான். அந்த வாழ்த்து பெரும்பாலும் எனக்கே வந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் தெரு ஃபுட்பால் டீமுக்கு பனியன் அடித்தபோது, முதுகில் என்ன போடுவது என்ற கேள்வியே எழவில்லை. திரையைப் பார்த்து அந்த வரியை அப்படியே காகிதத்தில் வரைந்து, வண்ணாரப்பேட்டையில் பனியன் கடையில் கொடுத்து அடித்தோம். எழுத்து முதுகில் இருந்ததால் குரூப் போட்டோவும் முதுகைக் காட்டியே எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பதினோரு முதுகுகள். இதில் நான் யார் என்று பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டியின் வயர் டிவிக்குப் பின்னால் சொருகும் இடத்தில் லூசு. கையால் அழுத்திப் பிடித்தால்தான் படம் நிற்கும். அதனால் எப்போதும் ஒருத்தன் டிவிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். ஆடத் தெரியாதவன், தோற்றவன், புதிதாகத் தெருவுக்குக் குடிவந்தவன். அவனுக்குத் திரை தெரியாது. நாங்கள் கத்தும்போதெல்லாம் "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பான். பாதி நேரம் ஒருவரும் பதில் சொல்ல மாட்டோம். யாரையாவது கேவலப்படுத்த வேண்டுமென்றால், "போடா, வயர் புடிக்கிறவனே" என்றால் போதும். நான் ஒரு நாளும் வயர் பிடித்ததில்லை. என் வீட்டு டிவி அல்லவா.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரிப்பேர் கடையில் பெட்டியைக் கொடுத்தேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எப்படியோ உயிர் கொடுத்துவிட்டார். வயர் மட்டும் பழைய லூசு மாறாமல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் இருவரையும் தரையில் உட்கார வைத்தேன். கேசட்டை எடுத்து, பக்தியோடு அதன் வாயில் ஊதினேன்.

"ச்சீ, எச்சில்" என்றாள் மகள்.

"இப்டி ஊதனாத்தான் ஓடும். இதெல்லாம் ஒரு டெக்னிக்."

மகனைச் சுவரோரம் அனுப்பி, டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடிக்கச் சொன்னேன். சின்னவன் வயர் பிடிப்பதுதான் முறை என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. படம் வந்தது. மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆட ஆரம்பித்தேன். முதல் பூனையிடமே செத்தேன்.

பட்டன் இறுகிவிட்டது என்றேன். மறுபடியும் செத்தேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். அப்புறமும் செத்தேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமல், "இதுலதான் நீ தெருவுக்கே ராஜாவா?" என்றாள்.

கடைசியில் விரல்களுக்குப் பழைய ஞாபகம் வந்தது. குதித்தேன், உதைத்தேன், பொறுக்கினேன். பூனைகள் பறந்தன. கூடை நிரம்பி வழிய பாலத்துக்குப் போய், இதுதான் வஸ்தாது என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அதனிடம் முறைப்படி அறை வாங்கிச் செத்தேன். படம் வந்தது, எழுத்து வந்தது. கையைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்துகொண்டேன்.

"பாத்தியா? ஜெயிச்சவனுக்கு வாழ்த்துக்கள்னு போட்டுகீது."

மகள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ செத்துட்டல்லப்பா? செத்தவனுக்கு எதுக்கு வாழ்த்து?"

எங்கள் தெருவில் அத்தனை வருஷம் அத்தனை பேர் ஆடினோம். இந்தக் கேள்வி எங்களில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

அவள் செல்போனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். கேமராவைக் காட்டினாலே எந்தப் பாஷையையும் மாற்றிக்கொடுக்கிற வசதி அதில் இருக்கிறதாம். முதலில் 'கடல் மாமியார் வருக' என்று ஏதோ உளறியது. நான் சிரித்தேன். அவள் கொஞ்சம் கிட்டே போய், கையை அசைக்காமல் பிடித்து, சத்தமாகப் படித்தாள்.

"இன்றும் பூனைகள் பசியோடு தூங்கின."

அவள் கேமை முதலிலிருந்து போட்டு, நாங்கள் எப்போதும் பட்டனைத் தட்டித் தாண்டிப்போகிற ஆரம்பப் பக்கத்துக்கு போனைக் காட்டினாள். அதுவும் வந்தது. தீவில் பூனைகளெல்லாம் பட்டினி. மீன்காரரே, மீன் சேகரித்து எல்லாருக்கும் கொடுங்கள்.

"மிஷினு தப்பா சொல்து" என்றேன்.

அப்போதுதான் சுவரோரம் நின்று நடுநடுவே திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மகன், வயரைப் பிடித்தபடியே கழுத்தைத் திருப்பினான். "ப்பா, இந்தப் போட்டோலயும் நீ செத்தப்போ வந்த அதே எழுத்துதான் கீது."

மகள் போனைப் பதினோரு முதுகுகளுக்கு நேரே பிடித்தாள். என் மனைவி கையில் நெத்திலியோடு எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். இன்றும் பூனைகள் பசியோடு தூங்கின.

"இத முதுவுல போட்டுகினா வியாசர்பாடில போய் ஃபுட்பால் ஆடுனீங்க?"

அன்றைக்கு அங்கே எத்தனை கோல் வாங்கினோம் என்பதை நான் இந்த வீட்டில் சொன்னதே இல்லை. இனிமேலும் சொல்லப்போவதில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை எண்ணூர்ல உன் தம்பி வூட்ல நிம்மதியா கீது. பூனைக்கு மீனு குடுக்கற கேமுனு மட்டும் சொல்லிடாத, ஒடம்பு தாங்காது" என்றாள்.

எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது. ஒரு நாள் சொல்லிக்கொடுக்கலாம் என்று வந்தவன், வாழ்க்கையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயத்தையும் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டாள். பேசாமல்தான் வாங்கினாள்.

அவள் ஆடியது மகா மட்டம். குதிக்க வேண்டிய இடத்தில் நின்றாள், நிற்க வேண்டிய இடத்தில் குழியில் விழுந்தாள். ஆனால் பூனை வந்தால், சேர்த்து அழுத்தக் கூடாது என்று நான் சொல்லியிருந்த இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். மீன் விழுந்தது. பூனை அதைத் தின்றுவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தது. அடுத்ததும் வந்தது. பாலத்துக்குப் போய்ச் சேரும்போது மீன்காரருக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே இருந்தது.

வஸ்தாதுக்கு ஒரு மீன் போட்டாள். தின்றது, அசையவில்லை. இன்னொன்று போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். கூடை காலியாகும் நேரத்தில் வஸ்தாது எழுந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. நான் நிரம்பி வழியச் சுமந்துகொண்டு போய்ச் செத்த அந்தக் கூடை, அதற்குக் கொடுக்கத்தான் இருந்திருக்கிறது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. ராத்திரி நேரக் கடல். தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் சுற்றிக்கொண்டிருந்தது, கரையில் வரிசையாகப் படகுகள். இவ்வளவும் அந்தக் கேசட்டுக்குள்தான் இருந்திருக்கிறது, எங்கள் பரணில், அண்டாவுக்குப் பின்னால். எனக்கு மகள்மேல் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

"நீ ஆடறியாப்பா?" என்று அவளாகவே கன்ட்ரோலரை நீட்டினாள்.

வாங்கினேன். கவனமாக இரண்டு அடி வைத்தேன். படகுக்கு அடியிலிருந்து ஒரு குட்டிப் பூனை வந்தது, கை அகலம்கூட இருக்காது. எனக்கு எல்லாம் தெரியும். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்று தெரியும். என் கட்டைவிரலுக்கு மட்டும் தெரியவில்லை. அது ஒரே உதை விட்டது. அந்த ஊர்வலம் முழுக்க என்மேல் பாய்ந்தது. திரை இருண்டு, கேம் ஆரம்பத்துக்கே போய்விட்டது.

"அப்பா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மகன் வயரைக் கீழே போட்டுவிட்டு வந்தான். "அப்பா வயர் புடிக்கட்டும்க்கா. அது கைல குடுத்தா எல்லாத்தையும் ஒதைச்சிடும்."

மேல்முறையீட்டுக்கு இடமில்லை. எழுந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்று, டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரை அழுத்திப் பிடித்தேன். கன்னம் சுவரில் பட்டது. அங்கிருந்து திரை தெரியவில்லை. கண்ணுக்கு நேரே பதினோரு முதுகுகள் மட்டும் தெரிந்தன. பின்னால் அக்காவும் தம்பியும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், "போடு போடு, இன்னொன்னு போடு" என்று கத்தினார்கள்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"பாலத்தாண்ட வந்துட்டோம்ப்பா. கைய எடுத்துடாத."

எடுக்கவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது. சமையலறையிலிருந்து நெத்திலி வறுக்கும் வாசனை வந்தது. ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் சட்டென்று அமைதியானார்கள். ஏதோ புதிதாக ஒரு சின்னப் பாட்டு கேட்டது. அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை.

"இன்னா ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்."

"இருப்பா, இன்னொரு எழுத்து வந்துகீது. அக்கா போன்ல பாக்குது." மகன் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். "இன்று... பூனைகள்... வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கின."

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

"வஸ்தாது?"

அவன் எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அதுவும் தூங்குதுப்பா" என்றான்.