கால்கள் மட்டும்

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு எர்லாங்கனில் ரயில் ஏறினோம். ஃபோர்ஹைமில் இறங்கி, கிளைப்பாதையில் இன்னொரு சிறிய ரயில். அதற்குப் பிறகு நான்கு கிலோமீட்டர் நடை, ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குப் பேருந்து கிடையாதாம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று தரணி கேட்டுக்கொண்டாள். இங்கே வரும் மற்றப் பெயர்களும் மாற்றியவைதான்.

தரணி பான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். பெற்றோர் யாழ்ப்பாணம், அவள் பிறந்து வளர்ந்தது இங்கே ஜெர்மனியில். நான் மதுரைக்காரி, எர்லாங்கனில் பொறியாளர் வேலை. அவளுடைய இரண்டாவது கேமராவைப் பிடிக்கத்தான் போனேன்.

இந்தப் பக்கத்து ஊர்களில் தேவாலயத் திருவிழாவைக் கேர்வா என்கிறார்கள். கிளை கழித்த நெடிய மரம் ஒன்றை ஊர் நடுவில் நட்டு, இளம் ஜோடிகள் அதைச் சுற்றி ஆடுவார்கள். பூச்செண்டு ஒன்று ஜோடிக்கு ஜோடி கைமாறும். மரத்தில் கட்டிய அலாரம் அடிக்கும்போது செண்டு யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குப் பரிசு. இந்த ஆட்டத்தின் அடவுகள்தான் தரணியின் ஆராய்ச்சி. இதற்கெல்லாம் ஒரு டாக்டர் பட்டமா என்று நான் கேலி பேசுவதுண்டு. அன்று வாயைத் திறக்கவில்லை.

காரணம், போன ஆண்டு ஆடியவர்களில் மார்க்குஸ் என்ற பையன் குளிர்காலத்தில் கார் விபத்தில் இறந்துபோனான். அவன் அம்மா ஹெல்கா, அந்த ஆட்டத்தைப் படமெடுத்திருந்த தரணிக்குப் போன் செய்து, மகன் கடைசியாக ஆடியதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"நான் முழங்காலுக்குக் கீழதான் எடுத்தனான் அக்கா," என்றாள் ரயிலில். "முகம் தெரிஞ்சா ஆளைத்தான் பாப்பம், ஆட்டத்தைப் பாக்கமாட்டம். அப்பிடித்தான் எங்களுக்குப் பழக்கினவை. அவனை முகத்தோட எடுத்தது ஒரு துண்டுகூட இல்லை."

"போன்ல சொல்லிருக்கலாமே?"

"ஏலாமப் போச்சு. வாறன் எண்டு மட்டும் சொன்னன்."

ஒரு தாயிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

பதினொன்றரைக்கு ஹெல்காவின் வீட்டை அடைந்தோம். ப்ளம் பழக் கேக்கும் காப்பியும் வைத்தார். இந்த ஆண்டு ஆட்டம் பார்க்கத் தான் வரப்போவதில்லை என்றார். தரணி கேக்கைத் தொடாமலே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மன்னிப்பும் கேட்டாள். ஹெல்கா தட்டுகளை ஒதுக்கி மேசையில் இடம் செய்தார். பிறகு, இருப்பதைக் காட்டச் சொன்னார்.

மடிக்கணினியில் ஷூக்கள் சுற்றி வந்தன. பையன்களின் கறுப்பு ஷூக்கள், பக்கத்தில் பெண்களின் வெள்ளைக் காலுறைகள். தேவாலயத்தை நோக்கித் திரும்பும் இடத்தில் எல்லாக் கால்களும் ஒன்றாகத் திரும்ப, ஒரு கறுப்பு ஷூ மட்டும் பிந்தி நின்று, ஒரு துள்ளலில் வரிசையைப் பிடித்தது. ஹெல்கா அதன்மேல் விரலை வைத்தார்.

"இவன்தான்."

அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அந்தக் கால் பிந்தியது. தரணி தலை குனிந்தபடி, அதைத் தாளப் பிழை என்று குறித்து, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டதாகச் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒட்டாத அளவை ஒதுக்குவது எங்கள் தொழிலிலும் வழக்கம்தான்.

"பிழை இல்லை," என்றார் ஹெல்கா. "அந்தத் திருப்பத்துக்கு எதிரே, ரொட்டிக்கடை வாசலில் நான் நின்றிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்துக் கை காட்டினான். அதில் கால் பிந்திவிடும்."

அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை முறை பார்த்தோம் என்று எனக்குத் தெரியாது. தரணி அழுதாள். கடைசியில் ஹெல்கா எழுந்து, மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மூன்று மணிக்கு வாத்தியம் தொடங்கியது. ஹெல்கா ரொட்டிக்கடை வாசலில் போய் நின்றார். போன ஆண்டு மார்க்குஸோடு ஆடிய ஆன்யா இந்த முறை தன் அண்ணனோடு ஆடினாள். "நீங்கள் முகங்களை எடுங்கோ அக்கா," என்று சொல்லிவிட்டுத் தரணி தன் கேமராவைத் தாழ்த்தி, குனிந்து அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்றில் எல்லாரும் சரியாகத் திரும்பினார்கள். இரண்டாவது சுற்றில் தரணியின் குரல் கேட்டது.

"ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர கால் பிந்தினது," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆன்யா கை காட்டினவளோ?"

"ஆமா," என்றேன்.

என் கேமராவை ரொட்டிக்கடைப் பக்கம் திருப்பினேன். ஹெல்காவும் கையைத் தூக்கியிருந்தார்.