கோணலா நிக்குற நாத்து

புதுச்சேரியில வெள்ளக்காரத் தொரையோட நூல் மில்ல மூடி மூணு மாசமாச்சு. அங்க வேலை பாத்து, தொறப்பாங்கன்னு காத்துக்கெடந்த எங்க வூட்டுக்காரரு, இன்னைக்குக் காலையில பாகூர்ல நாங்க நடவு நடுற கழனியில வந்து எறங்கிட்டாரு.

நடவு பொம்பளைங்க வேலை. எல்லாரும் சிரிச்சாங்க.

"இன்னா மாமா, வழி தவறிட்டியா?"ன்னா எங்கூட நடுற அஞ்சலை.

"வேலை தேடித்தான் வந்தேன், எடம் வுடு"ன்னாரு.

நடும்போது பின்னாடியேதான் நகரணும். இவரு முன்னாடி காலெடுத்து வச்சு, தான் நட்ட நாத்தையே மிதிச்சிட்டாரு.

எனக்கு வெக்கமாப் போச்சு. அவரு குனிஞ்சு, மிதிபட்ட நாத்த ஒவ்வொண்ணா நிமித்தி வச்சாரு. அப்புறம் யாரும் சிரிக்கல.

பொழுது சாயக் கரையேறினோம். அவரு நட்டது மட்டும் கோணலா நிக்குது. நாளைக்கு அதப் புடுங்கி நேரா நடுறேங்கறா அஞ்சலை.

தொடக் கூடாதுன்னுட்டேன். நீங்களா இருந்தா புடுங்க வுடுவீங்களா?