தாண்டவராயனின் பரிவட்டம்

திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர் தாண்டவராயன் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கேட்டால் ராஜ வம்சம் என்பார். பெயரில் ராயன் இருக்கிறது, முகத்தில் மீசை இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? "ராஜா, பார்த்துப் போடுங்க" என்றால் குண்டானின் விலை தானாக இறங்கும்.

திருவக்கரைப் பக்கம் வயல் நடுவே ஒரு பள்ளிப்படைக் கோயில் உண்டு. எந்தக் காலத்திலோ இந்தச் சீமையை ஆண்ட மூன்று சிற்றரசர்களைப் புதைத்து, மேலே லிங்கம் வைத்துக் கட்டியது. மூவரும் தன் முப்பாட்டன்மார் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். சாமிக்குச் சாத்திய துணியை வாரிசு என்று தன் தலையில் பரிவட்டமாகக் கட்டிக்கொள்ளவேண்டும். அந்த ஆசையில் மனிதருக்குத் தூக்கமே போயிற்று. கோயிலுக்கு வெள்ளையடித்தார். சமாதிமேல் ஆடு ஏறியதென்று மேய்த்தவனை அடிக்கப் பாய்ந்தார்.

போன மாசி அமாவாசைக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவி காந்திமதியும் வந்தாள்.

குருக்கள் துணியைக் கையில் எடுத்து, "மூணு தலைமுறை பேர் சொல்லுங்கோ" என்றார். இவர் மூன்று ராஜாக்களையும் பட்டப்பெயரோடு முழங்கினார்.

"அது உள்ளே இருக்கறவா பேரு. உங்க அப்பா, தாத்தா பேரு?"

"அப்பா பச்சைமுத்து. தாத்தா..." மீசையைத் தடவினார். அங்கே விடை இல்லை. "அவரும் ராஜாதாங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. குருக்கள் நல்ல மனுஷர், அதை விட்டுவிட்டார். "போகட்டும். பெத்தவர் சமாதியில விளக்கேத்திட்டுத்தான் இங்க பரிவட்டம். ஏத்தியாச்சோ?"

தாண்டவராயன் கூரையைப் பார்த்தார். காந்திமதிதான் பேசினாள்.

"எங்க ஏத்தறது சாமி? கோலியனூர்ல எங்க நெலத்துலதான் மாமனாரைப் பொதைச்சோம். வேணாம் வேணாம்னு நான் அழுவறேன், இவரு பிளாட் போட்டு வித்துட்டாரு. இப்ப அந்த எடத்துல செப்டிக் டேங்க் தோண்டிக்கினு இருக்காங்க."

குருக்கள் துணியை மடித்து லிங்கத்தின் மேலேயே போட்டார்.

காரில் திரும்பினோம். திண்டிவனம் திரும்பும் இடத்தில் திரும்பாமல் தாண்டவராயன் கோலியனூருக்கு ஓட்டினார். அப்பாவைப் புதைத்த மனையில் எழுந்திருந்த புது வீட்டு கேட்டுக்கு வெளியே, வழியில் வாங்கிய ஒரு அகல்விளக்கோடு நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க?"

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பச்சைமுத்து மவன்மா."