நனையாத விதைநெல்

எண்பதுகளின் தொடக்கத்தில் பொத்துவிலுக்குப் பக்கத்து விடுதியொன்றில் சமையல் வேலை செய்தேன். ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் பியரில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார். சாராயம் போல நெஞ்சை எரிக்கும் என்று நினைத்தேன். எரிக்கவில்லை. வைக்கோல் நிறத்தில் குளிர்ந்து இறங்கி, அடிநாக்கில் இலேசாகக் கசந்து, உடனே அடுத்த மிடறைக் கேட்டது. மணம்கூடப் பழகியதுதான்: ஊறப்போட்ட விதைநெல் சாக்குக்குள் முளைவிடும் மணம். பார்லியை முளைக்கவைத்துத்தான் இதைச் செய்கிறார்கள் என்று அவர் சொன்னதும், வயற்காரனான நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் நுரை சட்டையில் சிந்தியது.

பஸ்ஸில் ஏறியதும் பயம் பிடித்தது. நான் குடியிருப்பது மனைவி வீட்டில். மாமா ஐந்து நேரமும் தொழப் பள்ளிக்குப் போகிறவர். கல்முனை வரும்வரை கராம்பு மென்றேன். வாயைத்தான் நினைத்தேன், சட்டையை மறந்துபோனேன்.

மாமா வாசலிலேயே காற்றை மோந்து பார்த்தார்.

"விதைநெல் மணக்குது மருமகன். சாக்கு நனஞ்சிட்டுப் போல. வாங்க, பாப்பம்."

"ஓம் மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

நெல் அறையில் ஒவ்வொரு சாக்காக அவிழ்த்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். யா அல்லாஹ், ஒரு சாக்காவது நனைந்திருக்கட்டும் என்று கெஞ்சினேன். ஹராமைக் குடித்துவிட்டு துஆ வேறு!

கடைசிச் சாக்கையும் கட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நெல்லெல்லாம் காஞ்சுதான் கிடக்கு" என்றவர், மறுபடி மோந்துகொண்டே என் பக்கம் திரும்பினார்.