நீர்க்காக மனுவில் நான் போடாத கையெழுத்து

எங்கள் ஏரியில் நீர்க்காகங்களைச் சுட ஆண்டுதோறும் இரண்டு மாதம் அனுமதி கேட்டு அரசுக்கு எழுதப்பட்ட மனுவில் என் கையெழுத்து இல்லை. முதுமை என்றும், பறவைப் பைத்தியம் என்றும் வாளையார் வரைக்கும் காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மைக் காரணத்தை நானே எழுதிவிடுகிறேன்.

கிழக்குப் பாலக்காட்டில் அந்த ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைப்பவர்களின் சங்கமான பாடசேகர சமிதிக்கு நான் தலைவனாக இருந்தேன். கல்லூரியில் படித்தவன், சட்டம் பிசகாதவன் என்ற பெயரைக் கட்டிக் காத்தவன். அதே ஏரியில் என் மனைவியின் தம்பியும் அவருடைய கூட்டாளிகளும் மீன் வளர்க்கிறார்கள். நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும்போது மீன்குஞ்சுகள் வெளியேறாதிருக்க, மதகின் வாயில் மரச்சட்டம் அடித்த வலையொன்றை இறக்கி வைப்பது வழக்கம். மீன்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்த வலையைத் தொடக்கூடாது. அந்த விதியை எழுதியவனும் நானே.

சென்ற போகத்தில் குஞ்சுகளில் பெரும்பகுதி காணாமற்போயிற்று. மைத்துனர் மனுவோடு வீட்டுக்கு வந்தார்.

"மாமா, பயிர அழிக்கற காட்டுப்பன்னியச் சுட அனுமதி குடுக்கறாங்கல்லங்க, அதே மாதிரி இந்தத் தண்ணிக்காக்காய்க்கும் கேக்கறோம். நீங்க முதல் கையெழுத்துப் போட்டீங்கன்னா மத்தவங்க கண்ண மூடிட்டுப் போடுவாங்க."

"கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போடட்டும், மாப்பிள்ளை."

"ஏனுங்க மாமா, காக்காய்க்கு வக்காலத்துங்களா? நீங்க சைவம். எங்க பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடறீங்க?"

மனுவோடு சாட்சியாகப் புகைப்படங்களை இணைத்திருந்தார். கரிய பறவைகள் சிறகை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. பின்னால் தலை முறிந்த பனை ஒன்று தெரிந்தது. அது என் வயலோரத்துப் பனை. பறவைகள் உட்கார்ந்திருந்தது ஏரியில் அல்ல, என் வயலுக்கு வரும் வாய்க்காலின் கரையில். அங்கே அவை ஏன் வந்தன என்பது அப்போது எனக்கு மட்டுமே தெரியும்.

தண்ணீர் திறந்த வாரத்தில் ஆகாயத்தாமரை வேர்கள் வலையை அடைத்துக்கொண்டன. கடைமடையில் இருக்கும் என் வயலுக்கு ஈரம் எட்டவில்லை. மீன்காரர்களுக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வந்து வேரைப் பிடுங்கும்வரை காத்திருக்க என் கௌரவம் இடம்தரவில்லை. விடியற்காலையில் நானே போய் வலையைத் தூக்கினேன். மாலையில் இறக்கிவிடுவதாக எண்ணம். வயலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளினேன். ஐந்து நாள் தள்ளினேன். ஆறாம் நாள் இறக்கிவிட்டு, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. குஞ்சுகள் வாய்க்காலுக்குப் போன பிறகே நீர்க்காகங்கள் வாய்க்காலுக்கு வந்தன.

பள்ளிக்கூடத்தில் கிராம சபை கூடியது. மனுவை வாசித்து முடித்ததும் எழுந்தேன். வலையைத் தூக்கியவன் நான் என்று தொடங்கி, மேலே எழுதியதையெல்லாம் நின்றபடியே சொன்னேன். மைத்துனர் முகம் கறுத்துப்போயிற்று.

"அஞ்சு நாளுங்களா, மாமா?"

"ஐந்து நாள்."

மீன் விற்கும் அம்மாள் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "அப்பொ காக்காய விட்டுப்போட்டுத் தலைவரையல்லோ சுடோணும்!"

கூடம் சிரித்தது. என்னைப் பார்த்து அந்தக் கூடம் சிரித்தது அதுவே முதல்முறை.

"அதற்கும் ஒரு மனு எழுதுங்கள், அம்மா. அதிலும் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை" என்றேன்.

தலைவர் பதவியிலிருந்து விலகச் சொன்னார்கள். விலகினேன். ஆனால் அவர்கள் மனுவைக் கைவிடவில்லை. நீர்க்காகம் ஏரியிலும் மீன் தின்னத்தானே செய்கிறது என்று வாதாடினார்கள். தின்கிறது, நான் மறுக்கவில்லை. என் குற்றத்துக்கு அது சாகக்கூடாது என்பதே என் வழக்கு.

அன்றிரவே எதிர்ப்பு மனுவொன்றை என் கையால் எழுதினேன். தங்கள் மனுவோடு அதைச் சேர்த்து அனுப்ப மைத்துனர் மறுத்தார். "வலை விசயத்த எழுத்துல போட்டீங்கன்னா அக்கா எப்படிங்க மாமா வெளிய தலை காட்டுவா?" என்று கெஞ்சினார். அவருடைய அக்கா உள்ளேயிருந்து, "எம் பேரைச் சொல்லி நிறுத்தாதே. அவரு போகட்டும்" என்றாள்.

மறுநாள் நானே பேருந்தேறிப் பாலக்காடு வனத்துறை அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய ரசீது வாங்கி வந்தேன். வலையைத் தூக்கிய ஐந்து நாளும் அந்தத் தாளில் இருக்கின்றன. அதன் கீழே என் கையெழுத்து, முழுப் பெயரோடு.