ஐசிக்காரர் நேரில் வரவும்

கேஷியர் வேலைக்குக் கை வேகம் போதும் என்று நம்பித்தான் ஜோகூரின் உலு திராம் மினி மார்க்கெட்டில் சேர்ந்தேன். முகத்தையும் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

பட்டியலில் இல்லாத எண்ணெய்

விலைவாசிக்கென்று அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணம் நம் அடையாள அட்டையான ஐசிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அட்டையை மெஷினில் செருகினால், பட்டியலில் உள்ள சாமான்களுக்கு மட்டும் கழியும். ஃபேக்டரி சீருடையில் வந்த ஓர் அக்காவின் எண்ணெயை மெஷின் ஏற்கவில்லை. அந்த பிராண்ட் பட்டியலில் இல்லை. இருக்கிற பிராண்டோ காலையிலேயே தீர்ந்துவிட்டது. பின்னால் ஒன்பது பேர் பெருமூச்சு விட்டார்கள். அக்கா போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"விலை ஏறுறதுக்கு மட்டும் பட்டியலே வேணாம் லா, எல்லாமே ஏறுது!"

மனைவியின் ஐசி

மிச்சப் பணம் வருடக் கடைசியில் காலாவதியாகிவிடும். அதற்கு இரண்டு நாள் முன்பு, செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஓர் அண்ணன் மனைவியின் ஐசியோடு அரிசி வாங்க வந்தார். ஐசிக்குரியவர் நேரில் வர வேண்டும் என்பது எங்கள் மேனேஜர் கட்டளை. மீறினால் எனக்கு வேலை போகும். இனிப்பு நீர் வியாதியில் மனைவிக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள் என்றார் அண்ணன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை போய்விடும், முடியாது என்று வெட்கத்தோடுதான் சொன்னேன். அண்ணன் மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

"சரிம்மா. உன் வேலையும் போயிட்டா உங்க வீட்டுக்கு யாரு அரிசி வாங்குறது?"

கடைசி நாள்

வருடத்தின் கடைசி நாள், அதே அண்ணன் மனைவியைக் காரிலிருந்து முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அந்த அக்காவை அரிசி மூட்டைகள் மேல் உட்கார வைத்துவிட்டு ஐசியைச் செருகினேன். ஜோகூரே அன்றுதான் சாமான் வாங்கியதோ என்னவோ, மெஷின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் போயிற்று. வரிசை முணுமுணுத்தது. "அடுத்த ஆளைப் பாரு," என்றார் மேனேஜர். அவரை முதல் தடவையாக முறைத்துவிட்டு மறுபடியும் செருகினேன். எட்டாவது தடவை பணம் கழிந்தது.

மிச்சத்துக்கும் அரிசியே எடுத்தார் அண்ணன். மூட்டைகளை நான் கார் வரை தூக்கிப் போனேன். அக்கா புருஷன் முதுகில் இருந்தபடியே அவர் தோளைத் தட்டினார்.

"எல்லாத்தையும் எனக்கே ஆக்கிப் போட்டுடாதீங்க. நான் வெயிட் போட்டா அடுத்த வருஷம் எப்படித் தூக்கிட்டு வருவீங்க?"

உதவி வீடு தேடி வரும் என்கிறார்கள். எங்கள் கவுண்டரில் வீடுதான் உதவியைத் தேடி முதுகிலேறி வருகிறது.